எல்லாக் கதையும் இருட்டில் தொடங்கவில்லை

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் ஆயிரம் குறை. நீ வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நானாக நம்பிக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் நீ அனுப்புகிற 'எல்லாம் நல்லபடி, வேலை அதிகம்' என்பதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. என்னைப் போல நீட்டி எழுத வேண்டாம், அந்த ஒரு வரியை நாலு வரியாக்கினால் கை தேய்ந்துவிடாது.

ஆபீசில் இரண்டு மாதமாக நடக்கிற கூத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உன்னிடம் கொட்டுகிறேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்காக இந்த முறை எங்கள் அச்சகத்துக்கு வந்த பிரெயில் புத்தகம், உலகம் உண்டான கதைகள். ஏழு கதை, ஏழு இடத்து மக்கள் சொன்னது. ஒரு கூட்டத்தாருக்கு முட்டை உடைந்து உலகம் வந்தது. இன்னொரு கூட்டத்தாருக்கு எங்கு பார்த்தாலும் தண்ணீர், ஒரு சின்னப் பறவை முங்கி அடியிலிருந்து அலகில் சேறு கொண்டுவந்துதான் நிலமே ஆனது. பனி தேசத்துக்காரர்களுக்கு ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் பனி, நடுவில் பெரிய பள்ளம். ஒரு கதையில் கடவுள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வருகிறது. கடைசியாகத் தீவுக்காரர்கள் கதை. அதில் வானம் அப்பா, பூமி அம்மா. இரண்டு பேரும் இறுகக் கட்டிக்கொண்டு கிடக்க, நடுவில் பிள்ளைகள் கைகால் நீட்ட இடமில்லாமல் நசுங்குகிறார்கள். ஒரு பிள்ளை அம்மா மேல் முதுகை ஊன்றிப் படுத்து, காலால் அப்பாவை உதைத்து மேலே தள்ளிவிடுகிறான். பிரிந்த துக்கத்தில் அந்த அப்பா அழுவதுதான் மழை.

கதைகளைச் சுருக்கி எழுதுவதும், தொட்டுப் பார்க்கிற படம் செய்வதும் என் வேலை. மேனேஜர் வந்து, "எல்லாம் ஒரே கதைதாம்மா, ஊருதான் வேற. ஆரம்பத்தப் பொதுவா வெச்சா ஒரே அச்சுத் தகடு போதும்" என்றார். நானும் தலையாட்டி, 'முதலில் எங்கும் ஒரே இருட்டாக இருந்தது' என்று ஏழு கதைக்கும் ஒரே முதல் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்த்தவள் செய்கிற காரியமா அது.

மெய்ப்புப் பார்க்கிற பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் கறார். ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். உன் வயதுதான், பிறவியிலேயே பார்வை கிடையாது. அந்த முதல் பக்கத்தைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, "இந்த இருட்டு யாருக்கும்மா?" என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றேன். "எனக்கு இருட்டுங்கறது வெறும் வார்த்தை. உங்க பின்னந்தலைக்கு இப்ப என்ன தெரியுது, இருட்டா? ஒண்ணுமே தெரியல இல்ல, அதுமாதிரிதான் எனக்கும். ஏழு கதையும் இப்படியே ஆரம்பிச்சா பிள்ளைங்க முதல் பக்கத்துலயே வெளிய நிக்கும்" என்றாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மூலத்தை எடுத்து ஏழு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இருட்டைப் பெரிதாகச் சொன்னவை இரண்டே இரண்டு. பறவைக் கதைக்கு முதலில் கால் எட்டாத தண்ணீர். முட்டைக் கதைக்கு நாலு பக்கமும் மூடிய ஓடு. பனிக்காரர்களுக்கு ஒரு கன்னத்தில் சூடு, மறு கன்னத்தில் குளிர். தீவுக்காரர்களிடமும் இருட்டு உண்டு, ஆனால் அந்தப் பிள்ளைகளை வாட்டியது நெருக்கம். இதையெல்லாம் ஒரே கதை என்று சொல்ல எப்படி வாய் வருகிறது. உட்கார்ந்து ஏழு ஆரம்பத்தையும் தனித்தனியாகத் திருப்பி எழுதினேன்.

மீட்டிங்கில் மேனேஜர், "கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்கு இருட்டு தெரியாதா என்ன, தெரிஞ்சதே அது ஒண்ணுதானே" என்றார், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அவள் சண்டை போடவில்லை. நான் ஒப்புதல் தரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் ஒப்புதல் இல்லாமல் எதுவும் மெஷினுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் விதி, மூன்று வாரம் புத்தகம் அப்படியே கிடந்தது. எரிச்சலையெல்லாம் அவர் என் மேல் காட்டினார், வயசான நீங்களே தூண்டிவிடலாமா என்று. கடைசியில் ஆறு கதைக்குத் தனித்தனி ஆரம்பம் வைக்க இறங்கி வந்தார். தீவுக்காரர்கள் கதையை மட்டும் தூக்கிவிட்டார். "பெத்தவங்களப் பிள்ளைங்களே தள்ளிப் பிரிக்கறது நல்லாவா இருக்கு? அவ்வளவு ஆசைன்னா நீங்க கையாலயே செஞ்சு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க" என்றார். நான் வீம்புக்குச் சரி என்றேன். நாற்பது பிரதி.

வானத்துக்கு ஒன்று பூமிக்கு ஒன்று என்று இரண்டு தடித்த அட்டையைச் சேர்த்து ஒரு பக்க ஓரத்தில் பசை போட வேண்டும், மேலே பிரெயிலில் 'தள்ளு' என்று இருக்க வேண்டும், பிள்ளைகள் நடுவில் விரலை விட்டுத் தள்ளிப் பிரிக்க வேண்டும், அதுதான் நான் யோசித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். அப்பா முதலில் திரும்பியே பார்க்கவில்லை. முப்பது வருஷம் பஸ் சீட்டுக்கு உறை தைத்த மனிதருக்கு நான் பசை தடவுகிற லட்சணத்தைப் பொறுக்க முடியாமல் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டார். இதென்ன கதை என்று கேட்டார், சொன்னேன். நாலு அட்டை ஒட்டி முடித்தார். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தள்ளியிருக்கலாம் அந்தப் பிள்ளை" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா. வேலைக்குப் போன இடத்திலேயே நிரந்தரமாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறமாகத்தான் நீ சொன்னாய். எட்டு மாதமாக உன் போன் வந்தால் போதும், அவருக்குக் குளிக்க நேரம் வந்துவிடுகிறது. எனக்கும் பொறுமை போய், "சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?" என்று கேட்டேன். "விட்டிருக்க மாட்டேன்" என்றார். அப்புறம் எதற்கு அந்த ஒரு வார்த்தை என்றேன். "திட்டறதுக்காவது ஒரு சந்தர்ப்பம் குடுத்திருக்கலாம்" என்றார்.

கதையிலாவது பிள்ளைகள் நசுங்கினார்கள். இந்த வீட்டில் நசுங்குகிறவள் நான்தான். அவர் சொல்வதை உன்னிடம் மழுப்பி, நீ சொல்வதை அவரிடம் மழுப்பி எனக்கு அலுத்துவிட்டது. நீ போனது தப்பு என்று நான் சொல்லவில்லை, ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொல்லாமல் செய்தது எனக்கும் வலித்தது. அதை இன்றுவரை நானும் உன்னிடம் சொல்லவில்லை, பார்த்துக்கொள்.

நாற்பதும் பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்குப் போனது. முதல் நாளே முப்பத்தொன்றைக் கிழித்துவிட்டார்கள். பிரிந்த பிறகும் விடாமல் தள்ளினார்கள், ஒருவன் கீழே படுத்துக் காலாலேயே உதைத்தான், இன்னும் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று டீச்சர் கிழிந்ததோடு சேர்த்து எழுதி அனுப்பியிருந்தார். மேனேஜர் கிழிசல் பெட்டியை என் மேசையில் வைத்து, "பாத்தீங்களா" என்றார். கறார் கிழிந்த ஓரங்களைத் தடவிப் பார்த்து, "தள்ளுன்னு எழுதினோம், தள்ளியிருக்காங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இனிமேல் அட்டை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டாரே. கோபத்தில் பெட்டியை வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டேன். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, காகிதத்தை நம்பினால் இப்படித்தான் ஆகும், ஓரத்துக்குப் பஸ் சீட்டுக்குப் போடுகிற கெட்டித் துணி வைத்துத் தைக்க வேண்டும் என்றார். மூன்று நாளாகத் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, அதற்கும் நான்தான் கத்த வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று நின்றுகொண்டே சாப்பிடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். முக்கியமாக ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை தைத்ததை எடுத்துக்கொண்டு நானும் கறாரும் அந்தப் பள்ளியின் விடுதிக்குப் போகிறோம், பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை நான் வீட்டில் இருக்க மாட்டேன். என் போனை மறந்த மாதிரி மேசையில் வைத்துவிட்டுப் போவேன். அந்த நேரத்தில் கூப்பிடு. அடித்து ஓயும், விட்டுவிடாதே, மறுபடியும் கூப்பிடு. எடுத்தால் திட்டுவார். குறுக்கே பேசாமல், முடிகிறவரை கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா