நீ எடுத்துக்கொண்ட நாற்பது நிமிடம்

நீ என் நோயாளியைத் திருடினாய். இறந்துபோனவளுக்கு இப்படி எழுதக் கூடாது என்பார்கள். நான் எழுதுகிறேன்.

இன்று காலை ஹவுராவில், நாம் சேர்ந்து வேலை பார்த்த இலவச மனநல கிளினிக்கில், அலமாரியைத் துடைக்கும்போது உன் பதிவேடு கையில் வந்தது. இன்னும் கிராம்பு வாசனை போகவில்லை. பல் டாக்டரிடம் போகப் பயந்து கிராம்பு மென்றே காலம் தள்ளியவள், ஊரார் பயத்தைத் தீர்க்க உட்கார்ந்தாய். என்ன சிகிச்சை கொடுத்தோம் என்று ‘முறை’ என்ற கட்டத்தில் எழுத வேண்டும் என்பது இங்கே விதி. ஷெஃபாலியின் பெயருக்கு நேராக நீ ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறாய். அவ்வளவுதான்.

இந்த முறைகளின் வரலாற்றை இருவரும் உன் டாலிகஞ்ச் வீட்டு மாடி அறையில்தான் படித்தோம். பெஹாலாவில் இரண்டே அறைகளில் நாங்கள் ஐந்து பேர். அப்பா தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நீயோ இந்த ஊரில் நான்காம் தலைமுறைத் தமிழ்க் குடும்பம். முதலில் அந்த அறையைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன்.

ஆரம்பத்தில் நோயாளியைப் படுக்க வைத்து, வருடக்கணக்கில் குழந்தைப் பருவத்தைத் தோண்டினார்கள். பிறகு வந்தவர்கள், பழங்கதை வேண்டாம், எதைக் கண்டு பயமோ அதன் அருகில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போ என்றார்கள். மருத்துவர் மேதாவியாக இருக்காமல் எதிரே உட்கார்ந்து காது கொடுத்தால் போதும் என்று வேறு சிலர் சொன்னார்கள். அப்புறம் எண்ணங்களைத் தாளில் எழுதி, உண்மையா பொய்யா என்று சோதித்தார்கள். இப்போது ஆறே வாரத்தில் முடிகிற சிகிச்சை, இல்லையென்றால் போனில் ஒரு செயலி.

“பாத்தியாட்டி? காசிருக்கவனுக்கு அஞ்சு வருசம், இல்லாதவளுக்கு ஆறு வாரம். மொத்த வரலாறும் இதான்” என்றேன்.

“ஆரே, வருஷக்கணக்கா படுக்க வெச்சதப் பாத்து ஒன்னப் போலவே அவங்களுக்கும் கோபம் வந்துதுடி. அதான் மாத்தினாங்க. நீ பொறக்கறதுக்குள்ள ஒன் சண்டையெல்லாம் அவங்களே போட்டுட்டாங்க” என்று சிரித்தாய்.

ஷெஃபாலி பட்டறையில் இரும்புத்தூள் கூட்டுகிறவள். கணவன் ஆற்றில் விழுந்து இறந்த பிறகு அவளால் ஹூக்ளியைத் தாண்ட முடியவில்லை, படகிலும் சரி, பாலத்திலும் சரி. அக்கரையில் மகள் நிறைமாத கர்ப்பிணி. நான் படிப்படியாகப் பழக்கும் முறையை எடுத்தேன். முதலில் டீக்கடையிலிருந்து ஆற்றைப் பார்ப்பது, பிறகு படித்துறை, பிறகு மிதவை மேடை, கடைசியில் படகு. ஐந்து வாரம் அவளோடு நடந்தேன். மிதவையில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

ஆறாவது வாரம் எனக்குக் காய்ச்சல். என் இடத்தில் நீ உட்கார்ந்தாய், நாற்பது நிமிடம். அடுத்த வாரம் ஷெஃபாலி சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்து, என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். அக்கா என்று உன்னைத்தான் கேட்டாள். “அந்த தீதி எங்கே? நேத்து ஆத்தத் தாண்டிட்டேன்னு சொல்லணும்.”

“ஏட்டி, என்ன செஞ்ச? சின்ன வயசக் கிளறினியா? சும்மா கேட்டுட்டு இருந்தியா?” என்று உன்னைக் கேட்டேன்.

“எல்லாம் நீ செஞ்சதுதான்டி. கடைசிப் படியில நான் கூடவே நின்னேன், அவ்ளோதான்.”

அந்தப் பெருந்தன்மையை என்னால் மன்னிக்க முடியவில்லை. எதற்கும் அடித்துக்கொள்ளத் தேவையில்லாத வீட்டில் பிறந்தவர்களுக்கு அது சுலபமாக வரும். மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. நான்காவது வாரம் உனக்கு டெங்கு. பூஜைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க என்னை உள்ளே விடவில்லை.

உன் வங்காளம் சுத்தம், என்னுடையது பஸ்ஸில் கற்றது, அதனால்தான் அவள் உன்னிடம் மனம் திறந்தாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை என்று தெரியும். இப்போதெல்லாம் படிகளின் பட்டியலை எடுக்கும் முன் “இன்னைக்கு எதப் பத்திப் பேசலாம்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். உன்னிடமிருந்து எடுத்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நீ இறந்த செய்தி கேட்ட நாளிலிருந்து ஷெஃபாலி மறுபடி ஆற்றைத் தாண்டவில்லை. வருகிற ஞாயிறு அக்கரையில் ஆறு மாதப் பேரனுக்கு முகே பாத், முதல் சோறு ஊட்டுகிறார்கள். இன்று என்னைத் தேடி வந்தாள்.

“அந்த தீதி என்னமோ சொன்னா. நான் அழுதேன், அவளும் அழுதா. வார்த்தைதான் ஞாபகம் வரல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாதானே படிச்சீங்க? நீ சொல்லேன்.”

பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். புதுச் சேலை வாங்கிவிட்டாளாம். பெருமை முழுதும் நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம். அவளிடம் என்ன சொன்னாய்? சொல்லுட்டி.