சம்பந்தி வீட்டு மேகம்

தொம்மலூர், பெங்களூர்
12 ஜூன் 2005

என் நிக்கோலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். போனில் உன் குரல் என் இடது காதுக்குப் பாதிதான் எட்டுகிறது, வலது காது எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. எழுத்து என்றால் திரும்பத் திரும்பப் படிக்கலாம். அதனால் நீயும் எழுது.

நீ அனுப்பிய வானிலைப் பெட்டி உன் மாமனார் வீட்டுக்கு உடையாமல் வந்துவிட்டது. "டாடிக்குப் பொருத்திக் கொடுங்கள் அப்பா" என்று நீ கேட்டிருந்தாயே, நேற்று எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனேன். மடிவாளாவில் பஸ் மாறி, சில்க் போர்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சம்பந்தி ரெமிஜியஸ் அவசரப்பட்டு உள்ளே வைக்கும் திரைக்கு முதலில் பேட்டரி போட்டுவிட்டார். திரை முழுக்கக் கோடு கோடாக இருந்தது. "கெட்டுப்போச்சு மாஸ்டர், நிக்கோல் கிட்ட எப்படிச் சொல்றது?" என்று கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். கையேட்டைப் பார்த்தேன். வெளியே வைக்கும் டப்பாவுக்குத்தான் முதலில் பேட்டரி போட வேண்டும், பிறகு திரைக்கு. புது மாணவன் பெயரைச் சொன்ன பிறகுதானே வாத்தியார் வருகைப் பதிவேட்டில் எழுதுவார், அதுபோல. எல்லாவற்றையும் கழற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, வரிசையாகப் போட்டேன். ஒயர் ஒன்றும் இல்லாமல் மாடியின் வெப்பம் வரவேற்பறையில் வந்து நின்றது. இருபத்தேழு டிகிரி. மனிதர் கைதட்டினார்.

டப்பாவை மாடித் தளத்தின் சூடு படாமல் ஐந்தடிக் கம்பத்தில், நிழலில் கட்டினேன். மழை விழும் கிண்ணத்தை மட்டம் பார்த்து வைத்தேன். திரையில் ஒரு மழை மேகமும் வந்தது. "பாருங்க, இப்பவே சொல்லுது!" என்றார். கையேட்டை மீதியும் படித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்து வந்தேன்.

அம்மா மட்டும் கேட்டாள்: "இருபத்து நாலு வருஷமா தகர டப்பாவுல மழை அளக்கிறது நீங்க. மிஷின் அவருக்கா?" உனக்கு ஏதாவது காரணம் இருக்கும்.

இசபெல்லுக்கு என் முத்தங்கள். நான்கு மாதமாகிறது, இன்னும் போட்டோவில்தான் பார்க்கிறேன்.

உன் அப்பா
ஆம்ப்ரோஸ்


அபர்தீன்
3 ஜூலை 2005

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த வெயிலில் அவ்வளவு தூரம் போனதற்கு நன்றி. காரணம் சொல்கிறேன். கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

மாமி இறந்த பிறகு டாடி எங்களிடம் பேசுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "நல்லா இருக்கியாம்மா?" என்பார், அடுத்த நொடி மகனைக் கேட்பார், "டிரேவர் கிட்ட குடு." அவ்வளவுதான். எனக்கும் அவருக்கும் பேச ஒரு பொருள் இல்லை. நமக்கு எப்போதும் இருந்தது அல்லவா, அப்பா? ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் எட்டரை மணிக்கு நான் மழைமானியைப் பார்த்துக் கத்துவேன், நீங்கள் நோட்டில் எழுதுவீர்கள். சண்டை போட்ட நாளில்கூட அந்த அளவைச் சொல்லாமல் இருந்ததில்லை. அப்படி ஒன்றை அவருக்கும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

பலித்துவிட்டது! போன ஞாயிறு முக்கால் மணி நேரம் பேசினார். காற்று, ஈரப்பதம், எல்லாம் எழுதி வைத்துப் படிக்கிறார்.

ஒரு சந்தேகம். எப்போதும் மழைப்படமே வருகிறதாம். பார்த்தீர்களா?

ஏப்ரலில் வருகிறோம், ஒரு மாதம். மூன்று வாரம் தொம்மலூரில்தான், கவலைப்படாதீர்கள்.

உங்கள்
நிக்கோல்


தொம்மலூர்
6 நவம்பர் 2005

என் நிக்கோலுக்கு,

பதில் எழுத இத்தனை மாதம் ஆனதற்கு மன்னித்துவிடு. எழுத உட்காருவேன், மை காய்ந்துவிடும்.

அக்டோபர் மழையை டிவியில் பார்த்திருப்பாய். ஏரிகள் உடைந்து தெருவெல்லாம் படகு விடலாம் போல் இருந்தது. உன் மாமனார் இப்போது பெரிய மனிதர். திரையில் மேகம் வந்தது, வெளியே மழையும் வந்தது. போதாதா? எதிர்வீட்டு கிருஷ்ணப்பா தினமும் கேட்டருகே நின்று, "ஏன் ரெமிஜியஸ் சார், இவத்து மளே இதியா?" என்று இன்றைய மழையைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுக்கிறார். அவர் பகுதி ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் துணி காயப்போடுவதற்கு அவரைக் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் கல்யாணத் தேதிக்கே கேட்டார்களாம். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்டர் மாதிரி பதில் சொல்கிறார்.

இருபத்து நான்கு வருடத்தில் என்னிடம் ஒருவர் கேட்டதில்லை. தொம்மலூரில் என்ன, மழையே பெய்யவில்லையா? இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறேன். "உங்களுக்கு எரியுது, ஒத்துக்கோங்க" என்கிறாள் அம்மா. அவளுக்குப் பேச வேறு விஷயம் இல்லை.

நீ கேட்டது: மழைக்காலத்தில் மேகம் காட்டாமல் வேறு எதைக் காட்டும்?

ஒவ்வொரு ஞாயிறும் முக்கால் மணி நேரமா? நல்லது.

உன் அப்பா
ஆம்ப்ரோஸ்


தொம்மலூர்
20 டிசம்பர் 2005

என் நிக்கோலுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இசபெல்லின் முதல் கிறிஸ்துமஸ்.

ஞாயிறு மாலை ரெமிஜியஸ் வீட்டு மாடியில் அன்பியத்தின் கிறிஸ்துமஸ் கூடுகை. நாற்பது பேர். எங்களையும் அழைத்திருந்தார். கலர் பல்பு, நாற்காலி, குடில், எல்லாம் மாடியில் தயார். நான்கு மணிக்குத் திரையைப் பார்த்தார்: மேகம், சாய்ந்த கோடுகள். "மழை நிச்சயம். எல்லாத்தையும் கீழ இறக்குங்க!" என்றார். யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. அக்டோபரில் சொன்னது நடந்ததே. நாற்பது பேரும் கார் ஷெட்டுக்குள் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். கேக்கின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஒரு துளி இல்லை. பிள்ளைகள் வாசலில் போய்க் குடையை விரித்து, "அங்கிள், நனையுறோம், காப்பாத்துங்க!" என்று கூத்தடித்தார்கள். கிருஷ்ணப்பா மதில் மேலிருந்து எட்டிப்பார்த்து, "சார், மளே எல்லி?" என்று மழையைத் தேடினார். ஷெட்டே அதிர்ந்தது. ரெமிஜியஸும் சிரித்தார். பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனவர், எல்லோரும் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

நானும் சிரித்தேன். நேற்றிலிருந்து அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்று பிறகு எழுதுகிறேன்.

உன் அப்பா
ஆம்ப்ரோஸ்


அபர்தீன்
8 ஜனவரி 2006

அப்பா,

டாடி பேட்டரியைக் கழற்றிப் பெட்டியை மூடிவிட்டார். இன்று போனில் "நல்லா இருக்கியாம்மா? டிரேவர் கிட்ட குடு" என்றார்.

நான் அனுப்பியது கெட்ட மிஷினோ என்று டிரேவர் அதன் கையேட்டை இன்டர்நெட்டில் தேடி எடுத்தார். பதினோராம் பக்கம். ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பதிய வேண்டும். பதியாவிட்டால் உயரமான ஊர்களில் காற்றழுத்தம் குறைவாகத் தெரியும், மிஷின் அதைப் புயல் என்று நினைத்துக்கொண்டு எந்நேரமும் மழை காட்டும். கட்டமிட்டு, பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

கையேடு எங்கே என்று டாடியைக் கேட்டேன். "மாஸ்டர் படிச்சுட்டுத் தர்றேன்னு கொண்டுபோனார்மா. பாவம், மறந்திருப்பார்" என்றார்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நீங்கள்தான் பாடம் எடுத்தீர்கள். ஐம்பது பேருடைய நோட்டையும் மேஜைமேல் அடுக்கச் சொன்னீர்கள். அடி நோட்டு சென்னை, அதன் மேல் மற்ற எல்லா நோட்டின் கனம். கொஞ்சம் மேலே இருக்கும் நோட்டு பெங்களூர், அதற்குக் கனம் குறைவு. இருபது வருடம் கழித்து எனக்கே நினைவிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நாற்பது பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அதை எனக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள்.

ஏப்ரலில் டாடி வீட்டில் தங்குகிறோம். முழு மாதமும்.

நிக்கோல்


தொம்மலூர்
5 பிப்ரவரி 2006

என் நிக்கோலுக்கு,

மறக்கவில்லை. ஜூனில் திரும்பி வரும்போதும் சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்றது, அப்போது பதினோராம் பக்கத்தைப் படித்தேன். திரையில் தொள்ளாயிரத்துப் பத்து மில்லிபார் என்று பார்த்தபோதே ஏதோ இடித்தது, பக்கத்தைப் படித்ததும் தெளிவாகிவிட்டது. அடுத்த பஸ் பிடித்துத் திரும்பியிருக்கலாம். ஒரு போன் செய்திருக்கலாம்.

போன வாரச் சனிக்கிழமை கையேட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"சம்பந்தி, இந்தாங்க உங்க புத்தகம். பதினோராம் பக்கத்தை ஜூன்லயே படிச்சேன்."

"படிச்சு?"

"சொல்லலை."

"ஏன் மாஸ்டர்?"

"ஒரு வகுப்புல ரெண்டு பசங்க இருக்காங்கன்னு வச்சுக்கோங்க..." என்று ஆரம்பித்தேன்.

"உதாரணம்லாம் வேணாம்!" என்று கையை உயர்த்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஆறு மாசம் என்னைக் கேனையனாக்கிட்டீங்க. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ நீங்களும் அங்கதானே தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க? தொழிற்சாலைல முப்பது வருஷம் டெலிபோனுக்குப் பாகம் பொருத்தினவன் நான். எனக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ரெண்டு நிமிஷத்துல திருத்தியிருப்பேன்."

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "யார் முன்னாடி என் மானம் சிரிப்பா சிரிச்சதோ, அவங்க முன்னாடி சொல்லுங்க."

நேற்று அவர்கள் அன்பியத்தின் ஜெபக்கூட்டம். ஜெபமாலை முடிந்ததும் எழுந்து சொன்னேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவன், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினேன். யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு மிஷினுக்கு உயரத்தைப் பதிந்தேன். தொள்ளாயிரத்து இருபது மீட்டர். திரையில் சூரியன் வந்தது. ரெமிஜியஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காபி கொடுக்கவில்லை.

ஏன் செய்தேன் என்றால்: பல வருடம் மானிட்டராக இருந்த பையனிடம் ஒரு நாள் சாவியை வாங்கி வேறொருவனிடம் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? வாசலோரத்தில் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நினைத்திருந்த செடி பக்கத்து வீட்டில் பூத்தால்? பாட்டு வகுப்பில் முன்வரிசைக்காரனைப் பின்னால் நிற்கவைத்தால் சுருதி தப்பத்தானே செய்யும்? மனித இயல்பு.

உன் அப்பா
ஆம்ப்ரோஸ்


அபர்தீன்
20 பிப்ரவரி 2006

அப்பா,

எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு மானிட்டர், ஒரு செடி, ஒரு பாட்டு வகுப்பு. மூன்றிலும் உங்களைக் காணோம். டாடி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. நான் கேட்பதும் அதுதான். ஒரு வரி போதும்.

நிக்கோல்


தொம்மலூர்
12 மார்ச் 2006

நிக்கோல்,

எனக்குப் பொறாமை.

மிஷின்மேல் இல்லை. ஊர் அவரிடம் மழை கேட்டதிலும் கொஞ்சம்தான். உனக்கும் எனக்கும் நடுவில் இருந்ததை எடுத்து அவருக்குக் கொடுத்தேன் என்று ஜூலையில் சந்தோஷமாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை ஒரு முறைதான் படித்தேன். மற்ற கடிதங்களைப் பத்து முறை படிப்பவன். பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தது உன் கடிதம் வருவதற்கு முன்பு, நீ எனக்கு அனுப்பாமல் அவருக்கு அனுப்பினாயே என்ற வருத்தத்தில். அதற்குப் பிறகு திருத்த மனமே வரவில்லை. நீ அவரோடு பேசும் முக்கால் மணி நேரத்தில் ஏதாவது ஒன்று பொய்யாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நீ செய்தது தவறில்லை. தனியாக இருக்கும் மனிதர். எனக்கு அம்மா இருக்கிறாள். இது அறிவுக்குத் தெரிகிறது. பொறாமை இன்னும் போகவில்லை, போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் அவர் மறுபடி பேட்டரி போட்டுவிட்டார் என்று டிரேவர் அம்மாவிடம் சொன்னான். கேட்டதும் சந்தோஷம், அடுத்த நிமிடமே வயிற்றெரிச்சல்.

ஏப்ரலில் அங்கேயே தங்குங்கள். இசபெல் முதலில் அவர் கைக்குத்தான் போவாள், பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஏர்போர்ட்டுக்கு நாங்களும் வரலாமா என்று கேட்க ரெமிஜியஸ் வீட்டுக்குப் போனேன். கேட்டைப் பாதி திறந்தார். "கார்ல பின் சீட்டு இருக்கு மாஸ்டர்" என்றார்.

பின் சீட்டில் வருகிறேன்.

அப்பா