புகார் எண் 212

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனி வழியில் போய்க்கொண்டிருக்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். பேச ஆரம்பித்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை செய்தாய் என்று உனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தோம். நீ என்னடாவென்றால் வரலாறு படித்துப் பள்ளிக்கூட டீச்சராகப் போகிறேன் என்று அவ்வளவு தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். பரவாயில்லை, வக்கீலிடம் மாட்டுகிறவன் காசு கொடுத்து மாட்டுகிறான், உன்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இலவசமாக மாட்டப்போகிறார்கள் என்று அம்மா சொல்கிறாள். அம்மா இப்போது காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறாள். அரை மணி நேரம் நடக்கிறாள், ஒன்றரை மணி நேரம் தெரு முனையில் நின்று பேசுகிறாள், திரும்பி வந்து கால் வலி என்று என்னிடம் தைலம் கேட்கிறாள். பின்கட்டுக் குழாயில் சொட்டு இன்னும் நிற்கவில்லை. முப்பத்தொரு வருஷம் குடிநீர் வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தவர் வீட்டில் குழாய் ஒழுகுகிறதே என்று பிளம்பர் என் முகத்துக்கு நேராகவே சிரிக்கிறார். நான் தலைமை எழுத்தர்தானே ஒழிய குழாய் எழுத்தர் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

நீ கேட்ட மூன்று வாக்குமூலங்களும் ஒரு பழைய தாளும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. அவற்றைப் பிரிப்பதற்கு முன்னால் இதை முழுதாகப் படித்துவிடு. முதல் தடவை நான் செய்த கூத்து உனக்குத் தெரியும். குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தை மூன்று பேர் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அதை வைத்து வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பேராசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து மார்க் போடுவார் என்று நீ எழுதியிருந்தாய். ஐந்து வயதில் பேருந்து நிலையத்தில் நீ தொலைந்துபோன கதையையே எடுத்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். எல்லாம் புரிந்தது, அந்தத் "தனித்தனியாக" மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் என் உத்தியோகம். பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் மேஜையைக் குத்தி, நாற்காலியைத் தள்ளி, ஒருவர் பரம்பரையை ஒருவர் இழுத்துப் பேசிய கூட்டத்துக்கெல்லாம் அன்று மாலையே நான் குறிப்பு எழுதிக் கொடுப்பேன்: "நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாக ஏற்கப்பட்டது." அதற்காகவே என்னை மெச்சுவார்கள். அந்தப் பழக்கத்தில் உன் அம்மாவையும் அத்தையையும் கூடத்தில் உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கூட்டத்தை நடத்தி முடித்து, "குழந்தையானது அத்தையின் கைப்பிடியிலிருந்து நழுவி, இருபது நிமிடம் காணாமல் போய், நடத்துநர்கள் ஓய்வறையில் நல்ல நிலையில் மீட்கப்பட்டது" என்று ஒரே தாளில் எழுதி மூன்று கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன். அம்மா அந்த "நல்ல நிலையில்" என்பதற்கு மட்டும் ஆட்சேபம் தெரிவித்தாள், உன் ஒரு செருப்பைக் காணோமாம். அத்தை மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அதற்கு நீ போனில் கொடுத்த டோஸ் இன்னும் காதில் கேட்கிறது. "அப்பா, இது சாட்சி இல்ல, தீர்மானம். மூணு பேரும் ஒரே மாதிரி பேசினா யாரோ ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருக்கார்னு பசங்களே கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாய். அன்றைக்குக் கோபம் வந்தது, இன்றைக்குச் சொல்கிறேன், நீ டீச்சர் வேலைக்குப் பொருத்தமானவள்தான். சரி என்று மறுபடியும் ஆரம்பித்தேன். முதலில் அம்மா. நோட்டும் பேனாவுமாகச் சமையலறை வாசலில் போய் நின்றால், "என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி, அன்னிக்குக் காலையில யாரால லேட்டாச்சுன்னு எழுதிக்கோங்க" என்று தொடங்கினாள். எழுதிக்கொண்டேன். என்னால்தானாம். அவள் வாக்குமூலம் நாலு பக்கம் வந்தது. அதில் மூன்று பக்கம் பேருந்து நிலையத்துக் கழிப்பறை வரிசையைப் பற்றியது. உன் பெரியம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பிய நம்மில் அவள் மட்டும் அந்த வரிசையில் நின்றிருந்தாளாம், முன்னால் பதினோரு பேராம், அதில் ஒருத்தி இடித்துக்கொண்டு உள்ளே போனாளாம், அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் உட்பட எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் குழந்தையைக் காணோம், அவ்வளவுதான் தெரியும் என்று நீ தொலைந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டாள். நீ இதை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொள், உன் பேராசிரியருக்குப் பிடிக்கும்.

அடுத்தது அத்தை. அவளுடைய ஜெராக்ஸ் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். ரொம்ப நேரம் தாள் கட்டை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன்: "விசாரணைக் கவுண்டர் வரைக்கும் குழந்தை என் கையில இருந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் புத்தகக் கடையில நிக்கும்போது கை காலியா இருந்ததும் ஞாபகம் இருக்கு. நடுவில என்ன ஆச்சுன்னு பதினேழு வருஷமா யோசிக்கிறேன், வரமாட்டேங்குது. நான்தான் விட்டிருக்கணும். நீ அன்னிக்கு அவ்வளவு அடிச்சுச் சொன்னியே அண்ணா." சொல்லிவிட்டு, அதனால்தான் உன்னைத் தனியாக எங்கேயும் கூட்டிப் போனதில்லை என்றும், தன் மேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்றும் சொன்னாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அப்போதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா, சாட்சி தானாக ஒப்புக்கொண்டது, நமக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "அவகிட்ட பையைக் கொடுக்காதீங்க, எங்கேயாவது விட்டுட்டு வந்துடுவா" என்று முதலில் ஆரம்பித்து வைக்கிறவன் நான்தானே.

இனி என் முறை. என் வாக்குமூலத்தை எழுதும்போது, வெறும் வாய்ப்பேச்சோடு விடாமல் ஆவணமும் இணைத்தால் கூடுதல் மார்க் வருமே என்று ஒரு பேராசை வந்தது. நான் எந்தத் தாளையும் கிழித்துப் போடாதவன் என்பது உனக்குத் தெரியும், அம்மா அதற்காகவே என்னை ஒருநாள் தாளோடு தாளாக எடைக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பரணிலிருந்த பெட்டியை இறக்கி மூன்று நாள் தேடினேன். அன்று பேருந்து வரத் தாமதமானதற்கு நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் இருந்த புகார்ப் புத்தகத்தில் நான் எழுதிய புகாரின் கார்பன் பிரதி கிடைத்தது. புகார் எண் 212. நேரம் காலை 10.40 என்று என் கையாலேயே போட்டிருக்கிறேன். கிடைத்த சந்தோஷத்தில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தேன். "பலகையில் 10.15 என்று போட்டிருக்கும் பேருந்து இதுவரை வரவில்லை. விசாரித்தால் உரிய பதில் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பொறுப்புள்ள ஒரு தகப்பன் இன்னும் எத்தனை நேரம் இப்படி நிற்பது?" அவ்வளவுதான். அம்மா வந்து ஏன் பரண் ஏணியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அத்தை உன்னைக் கவுண்டரில் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் புத்தகக் கடைக்குப் போயிருக்கிறாள். அதோடு முடிந்திருந்தாலாவது, குழந்தை என் கையில் இருந்தது, பிறகு அத்தை வாங்கிப் போயிருப்பாள் என்று ஏதாவது கட்டியிருப்பேன், எனக்குக் கட்டத் தெரியாதா. ஆனால் அந்தத் தாளைப் பார், அதற்காகத்தான் நகலை அனுப்பாமல் அந்தக் கார்பன் தாளையே அனுப்புகிறேன். முதல் இரண்டு வரி குடித்தவன் நடந்த மாதிரி கோணலாக மேலும் கீழும் போகிறது. ஒரு கையால் எழுதினால் தாள் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால். மூன்றாவது வரியிலிருந்து எழுத்து கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது. இடது உள்ளங்கையால் தாளை அழுத்திப் பிடித்தால்தான் எனக்கு அப்படி எழுத வரும், முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் எழுதினேன். வரி நேராகிற இடம் எது என்று பார்த்தாயா? சரியாக அந்தப் "பொறுப்புள்ள" என்ற வார்த்தை. பொறுப்புள்ள தகப்பன் என்று அழகாக எழுதுவதற்காக உன் கையை விட்டிருக்கிறேன் அம்மா. என் கையெழுத்தே எனக்கு எதிராக வந்து நிற்கிறது, இதற்கு மேல் நான் என்ன வாதாட.

உன்னிடம் மறைப்பானேன், இரண்டு நாள் அந்தத் தாளைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். சேர்க்காமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. இருபதாம் தேதிக்குள் நீ சமர்ப்பிக்க வேண்டும், இருக்கிற மூன்று வாக்குமூலமே போதும் என்று எனக்கு நானே ஒருமனதாகத் தீர்மானமும் போட்டேன். ஆனால் அத்தை தாள் கட்டை அடுக்கிக்கொண்டே பேசியது கண்ணை விட்டுப் போகவில்லை. சரி, அனுப்பிவிடலாம், நமக்கு ஒரு பிரதி வேண்டுமே என்று வேறு பகுதியில் இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடைக்குத் திருட்டுத்தனமாகப் போனேன். அங்கே மிஷின் ரிப்பேர். அடுத்த கடைக்காரர், "உங்க தங்கச்சி கடையை விட்டுட்டு இவ்வளவு தூரம் எதுக்கு சார் வந்தீங்க" என்று கேட்டார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பி நேராக அத்தை கடைக்கே போய்த் தாளை நீட்டிவிட்டேன். உன் அத்தை ஜெராக்ஸுக்கு வரும் எந்தத் தாளையும் படிக்காமல் விட்டதில்லை, ஊரில் யார் வீடு விற்கிறார்கள், யார் பையன் எதில் ஃபெயில் என்று அவளுக்குத் தெரிவது அப்படித்தான். இதையும் படித்தாள். நான் அந்த மூன்றாவது வரியைக் காட்டினேன். கையைப் பற்றியும் சொன்னேன். மறுபடி படித்தாள். "அப்ப நான் விடலையா அண்ணா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் மிஷின் மூடியைத் திறந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளைக் கண்ணாடியில் வைத்து மூடியைச் சாத்தினாள். ஒரு பிரதி வந்தது, இரண்டு வந்தது, நிற்கவில்லை. நாற்பது பிரதி. எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். தன்னை யார் யார் கிண்டல் பண்ணினார்களோ அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒன்று என்றாள். பெரியம்மா வீட்டுக்கு மட்டும் பெரிதாக்கி எடுத்தாள். நாற்பதுக்கும் என்னிடம் கறாராகக் காசு வாங்கினாள், அண்ணன் என்று ஒரு பைசா குறைக்கவில்லை. வக்கீலம்மாவுக்கு நீயே ஒரு பிரதி அனுப்பி எழுதிச் சொல்லேன் என்று அத்தையிடம் கேட்டுப் பார்த்தேன். "நான் சொன்னா தப்பிச்சுக்கப் பாக்கறேன்னு நினைப்பா. விட்டவன் நீ, நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டாள். போனில் சொல்லலாமென்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவிடமும் அன்று மாலை சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று பயந்துகொண்டிருந்தேன், கத்தவில்லை. அது நல்லதா கெட்டதா என்று நாலு நாளாகத் தெரியாமல் பேசாமல் சாப்பிட்டு எழுந்துகொண்டிருக்கிறேன்.

என் வாக்குமூலம் இரண்டு பக்கம். முதலில் எழுதி அடித்ததையும் அடித்தபடியே அனுப்புகிறேன், எந்த இடத்தில் பொய் சொல்லப் பார்த்தேன் என்று உன் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். அதில் என்னைக் காப்பாற்ற நீ ஒரு வார்த்தையும் திருத்த வேண்டாம். அன்று உன்னைக் கண்டுபிடித்தபோது நீ அழவே இல்லை அம்மா, நடத்துநர் பெஞ்சில் உட்கார்ந்து டிக்கெட் கட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்ட முதல் நிமிஷத்திலேயே திரும்பி அத்தையைத் திட்டினேன். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது கேட்கிறேன்.

வகுப்பு எடுக்கிற அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. பின்வரிசையில் யார் உட்கார்ந்து மார்க் போட்டாலும் நீ முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசு. நீ நிற்கிற இடமெல்லாம் உனக்கு நல்ல பெயர் வரட்டும், உன் பேச்சுக்குப் பிள்ளைகள் காது கொடுக்கட்டும், நீண்ட ஆயுசோடும் நிறைந்த மனசோடும் இரு. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்: விடுமுறைக்கு நீ வருகிற பேருந்தின் நேரத்தை எனக்கு எழுத வேண்டாம், அத்தைக்கு எழுது. நிலையத்துக்கு அவள் தனியாக வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாளாம். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, நீ வீட்டிலேயே இரு அண்ணா, ஒரு தடவை தொலைத்தது போதும் என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல் தனியாக எழுதிய
உன் அப்பா