வெண்ணெய்க் கிட்டங்கியில் கால் மணி நேரம்

ராட்டர்டாம்,
12.2.1979

அன்புள்ள பாண்டியம்மாளுக்கு,

இங்கே நான் சுகம். தேவாரத்தில் நீயும் பிள்ளைகளும் மாடுகளும் சுகமா? ஆத்தாவுக்கு முட்டுவலி குறைந்ததா?

போன வாரம் எங்கள் குளிர்க்கிட்டங்கியில் நான் உள்ளே இருக்கும்போது கதவு சாத்திக்கொண்டது. கால் மணி நேரம்தான், பயப்படாதே. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டும் தூரம்வரை கூரையைத் தொட்டுக்கொண்டு வெண்ணெய்ப் பெட்டிகள்! மலையடிவாரத்தில் நிற்பதுபோல் இருந்தது.

கதவைத் திறந்த டச்சுக்கார மேஸ்திரி, யான் என்று பேர், அவரிடம், "இத்தனையும் யாருக்கு?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு யாருக்கும் இல்ல. ஐரோப்பாவுல ஒன்பது நாடு சேந்து ஒரே சந்தை ஆயிட்டோம். மாடு வச்சிருக்கவனுக்கு விலை விழுந்துறக் கூடாதுன்னு, மிஞ்சுனத சர்க்காரே வாங்கி வைக்குது" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏலக்காய் விலை விழுந்த வருஷம் உன் அப்பா போடிச் சந்தையில் மூட்டையோடு நின்று, "நம்மளக் கேக்க நாதியில்ல மாப்ளே" என்றாரே. இங்கே மாடு வளர்க்கும் ஒரு சம்சாரிக்காக ஒன்பது நாடு கூடிப் பேசுகிறது, பாண்டியம்மா!

கப்பலில் வேலை பார்க்கும் பொட்டிபுரம் அப்துல் ஹமீது அடுத்த மாதம் இந்தத் துறைமுகத்துக்கு வருகிறாராம். குளிரில் என் உதடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. நீ உருக்கிய நெய் ஒரு சின்ன டப்பா அவரிடம் கொடுத்துவிடு. இங்கே இருப்பதை நாங்கள் தொடக்கூடாது.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன்
கோட்டைச்சாமி