ஸ்டெல்லாவுக்கு ஒரு டிக்கெட்

வியாழன், இரவு பத்து மணி.

எழுதியதை மாலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே உரக்கப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். நாக்கு இடறும் வரிகளை அடித்துவிடுவேன். கீழ் வீட்டு ஜான் அங்கிள் இத்தனை நாளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது இன்றுதான் தெரிந்தது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மாடிப்படியில் என்னை நிறுத்தினார். “ஏம்மா, உன் கதைல அந்த ஸ்டெல்லா வீட்ட விட்டு ஓடுறாளே, டிக்கெட் எடுக்காமயே வண்டி ஏறிட்டா.”

“கதைதானே அங்கிள்.”

“அதெல்லாம் நக்கோம்மா, அந்தப் பேச்சே வேணாம். நான் டியூட்டில இருந்தா ஃபைன் போட்டு காஜிப்பேட்டைல இறக்கி விட்டிருப்பேன்.”

எரிச்சலாக இருந்தது. ஒரு மாதமாக நகராத அத்தியாயம். இதில் இவர் வேறு. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவை டிக்கெட் வரிசையில் நிறுத்தினேன். அவளுக்கு முன்னால் ஏழு பேர். நாலாவது ஆள் நகர்வதற்குள் அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டாள். நான் அப்படி நினைக்கவே இல்லை. நாலு பக்கம் ஓடிவிட்டது.

ஸ்டெல்லாவின் அம்மா போனை எடுத்துவிட்டாள். என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியவில்லை. நாளை அங்கிளின் ஜன்னலுக்கு நேர் மேலே நின்று படிக்க வேண்டும்.