டாப்சிலிப்புக்கு ஆடு ஆகாதாம்

முத்துப்பட்டணம், காரைக்குடி
மார்கழி பிறந்த மறுவாரம்

அன்பு மகள் அகல்யாவுக்குச் சித்தப்பா சேவுகன் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி நாகஜோதியும், ஊரில் உன் அப்பா அம்மாவும் பனித் தும்மலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அயர்லாந்து மழையில் நீயும் மாப்பிள்ளை உதயகுமாரும் சளி பிடிக்காமல் இருக்க அய்யனார் துணை இருக்கட்டும். போனில் பேசினால் நீ நடுவில் சிரித்துவிடுகிறாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். பெரிதாக்கிப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். நீ உதயகுமாரைக் கட்டிக்கொண்ட சேதி வந்த அன்று உன் அப்பா அய்யனார் கோயிலில் சூடத்தைக் கொளுத்தி, என் மகள் இந்த ஊர் எல்லைக்குள் கால் வைத்தால் நான் ஊரை விட்டே போய்விடுவேன் என்று சத்தியம் செய்தார் அல்லவா, சூடம் அணையும் முன்பே உன் சித்தி காதில் சொன்னேன், இந்தச் சத்தியத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, ஒருநாள் நான் கண்டுபிடிப்பேன் என்று. நான் அப்படி எதுவும் தன் காதில் சொல்லவே இல்லை என்கிறாள் அவள். அவளுக்கு ஞாபக மறதி அதிகம். அந்த ஓட்டையைப் போன மாதம் கண்டுபிடித்தேன். சத்தியம் ஊர் எல்லைக்குத்தானே. கோயில் பூசாரி வேளாரிடம் போய்க் கேட்டேன், அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எல்லைக் கல்லுக்கு அங்குட்டு நம்ம அய்யனாரு கணக்குப் பாக்க மாட்டாரு, வெளியூர்ல பெத்த மகளப் பாத்தா சாமி குத்தம் கெடையாது" என்று சொல்லிவிட்டார். உடனே உன் அம்மா மதுரையில் வைத்துப் பார்க்கலாம் என்றாள். நான் கூடாது என்றேன். மதுரையில் எந்தப் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் நம் சொந்தக்காரன் ஒருவன் டீ குடித்துக்கொண்டு நிற்பான், உன் அப்பா அவனைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிடுவார். காட்டில் நமக்குச் சொந்தம் யாரும் இல்லை, குரங்கு பார்த்தாலும் ஊருக்கு வந்து சொல்லாது. அதனால்தான் ஆனைமலை, அதனால்தான் டாப்சிலிப். அந்தக் காட்டில் எனக்குத் தெரியாத மரம் கிடையாது, வாலிப வயதில் ஒரு கொம்பன் யானை என்னைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறது, அந்தக் கதையை மாப்பிள்ளைக்கு நேரில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பா தன் வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்று நீ பிடித்த பிடியில் நின்றாய். "புள்ளைய வரச் சொல்லுடா" என்று அவர் சொன்னதை நான் போனில் சொன்னதும் டிக்கெட் போட்டுவிட்டாய், வனத்துறை ரூமையும் கம்ப்யூட்டரில் பிடித்துவிட்டாய், கெட்டிக்காரி. பொங்கல் கழிந்த சனிக்கிழமை, நீங்கள் கோயம்புத்தூரில் இறங்கிக் காரில் வாருங்கள், நாங்கள் நம் ஊர் டிரைவர் காளிராஜ் வேனில் பழனி, உடுமலை வழியாக வருகிறோம். வேன் என்றதும் உன் அம்மாவுக்குக் கை பரபரத்துவிட்டது. நம் குடும்பம் வேன் பிடித்தால் அது குலசாமிக்குத்தானே, வேறு எதற்கும் பிடித்ததில்லை, அதனால் பொங்கல் பானை, விறகு, அரிவாள், ஒரு வெள்ளாட்டுக் கிடா எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. கிடாவுக்கு மஞ்சள் தடவியும் ஆகிவிட்டது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று நான் வனத்துறைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் தன்மையான மனிதர், அடுப்பு மூட்டக் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, ஆடு கூடவே கூடாது என்றார். ஆடு பிளாஸ்டிக் இல்லையே ஐயா, உயிரோடுதானே வருகிறது என்று சட்டம் பேசினேன். அவர் அதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார், என் வாதத்தில் அசந்துபோயிருப்பார். பக்கத்தில் இருந்த உன் சித்தி, "ஆட்டோட போனீகன்னா புலி வேன்ல ஏறி சீட்டுப் போட்டு உக்காந்துக்கிரும், அப்பறம் நீங்கதான் நின்னுக்கிட்டு வரணும்" என்றாள். கடைசியில் கிடா தப்பித்தது, மஞ்சளோடு ஊரைச் சுற்றுகிறது. உன் அம்மா இப்போது சீடை, அதிரசம் என்று சுடத் தொடங்கியிருக்கிறாள். அதையும் குரங்கு பிடுங்கும் என்று சொன்னேன், "பிடுங்குனா பிடுங்கட்டும், எம்மக திங்க வேண்டியதக் கூடவா நான் மறைச்சு வைக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீங்கள் கலர் கலராக உடுத்தாமல் மங்கலாக உடுத்துங்கள், செண்ட் போட வேண்டாம், யானைக்கு மூக்கு நீளம். மாப்பிள்ளை உன் அப்பாவைப் பார்த்ததும் காலில் விழுந்துவிடப் போகிறார், வேண்டாம் என்று சொல், அப்பாவுக்குக் கூச்சம் வந்து எழுந்து போய்விடுவார், சும்மா பக்கத்தில் உட்கார்ந்து மரத்தைப் பார்க்கட்டும். ஸ்வெட்டர் மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நூறாண்டு வாழ்ந்து, காடு மலை எல்லாம் சுற்றி, நான் சொல்கிற கதைகளை நம்பி நலமாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று, டிக்கெட்டை மட்டும் மாற்றிவிடாதே. உன் அப்பா "வரச் சொல்லுடா" என்று சொல்லவில்லை, அது நான் சேர்த்தது. டிக்கெட் போட்டுவிட்டதாக நீ சொன்ன பிறகுதான் அவரிடமே போனேன். மோட்டார் கொட்டகையில் ஸ்பானரோடு இருந்தார். அகல்யா டாப்சிலிப்புக்கு வருகிறாள், வேன் பேசியாகிவிட்டது, ஏறுவதும் ஏறாததும் உங்கள் இஷ்டம் என்றேன். போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருந்தார், முறுக்க இடமில்லாத போல்ட்டு. பிறகு, "அவளுக்கு வளைவு ரோடு ஒத்துக்காதேடா, கொடைக்கானலுக்கே கார நிறுத்தி நிறுத்திப் போனோமே, எலுமிச்சம்பழத்துக்கு யாருகிட்ட சொல்லியிருக்க" என்று கேட்டார். அவள் கோயம்புத்தூரிலிருந்து தனிக் காரில் வருகிறாள், நம் பழம் அவளுக்கு எட்டாது என்றேன். "அப்பன்னா நாம வெள்ளனாவே கெளம்பி சேத்துமடையில, மலை ஏறுறதுக்கு முன்னாடி போயி நிப்போம்" என்றார். இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை, கூட வந்த நாகஜோதி சாட்சி.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
சேவுகன்