இருபத்தாறு பௌர்ணமி

பிரியமுள்ள கமலாவுக்கு,

நீ போய் இன்றோடு ஒரு வருஷம். வரிசை இல்லாமல் எழுதினால் பாதியில் உடைந்துவிடுவேன் என்று காலையிலேயே குறித்துக்கொண்டேன்:

1. உனக்குச் செய்த ஸ்டெம் செல் சிகிச்சை இருபத்தாறு பௌர்ணமி தாங்கியது.
2. அதை நான் தினமும் சோதித்துக் குறித்துவைத்தேன்.
3. அந்தக் குறிப்பு இன்னொருத்திக்கு உதவப்போகிறது.

மூன்றாவதை முதலில் சொல்கிறேன். உன் டாக்டர் கடிதம் போட்டிருக்கிறார். உனக்கு வந்த அதே தோல் இறுகும் நோயோடு ஒரு பெண் வந்திருக்கிறாளாம், இரண்டு குழந்தைக்காரி. சிகிச்சை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறாளாம். என் நோட்டின் நகல் வேண்டுமாம். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

நாமும் அதைத்தானே கேட்டோம்? உன் உடம்பின் நோயெதிர்ப்புக் காவலே உன்னைத் தாக்குகிறது, அதை மருந்தால் அழித்துவிட்டு, முன்பே எடுத்துவைத்த உன் ஸ்டெம் செல்லைத் திரும்ப ஏற்றுவோம் என்றார் டாக்டர். "எத்தனை வருஷத்துக்குங்க?" என்றேன். "ஒருத்தருக்கு ஒரு மாதிரி. சிலருக்குத் திரும்பி வரும். குளிர்ல விரல் நீலமானா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதனால்தான் தினமும் காலையில் நீ காபி கொடுத்ததும் விரலை நீட்டச் சொன்னேன். "இஸ்கூல் பசங்களுக்கு நகம் பாக்குற மாதிரி பாக்குறீங்களே. பாஸா, ஃபெயிலா?" என்பாய். "பாஸ்" என்று எழுதுவேன். பௌர்ணமிதோறும் நீ கிரிவலம் போய் மலை சுற்றிய நேரத்தையும் பக்கத்தில் எழுதினேன்.

இதுவரை எழுதியபோது பால் ஊற்றும் செல்வி வந்தாள். உன் படத்துக்குப் பூ வைத்தாள். அவளிடம் நோட்டைக் காட்டி, இருபத்தாறு என்றேன். அவள் முகம் மாறியது.

"சார், அம்மா விரலு ரொம்ப முன்னாடியே நீலமாயிடுச்சி சார். நான் பால் ஊத்தும்போது பாப்பேனே. காபி டம்ளர ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிக்கினு நிப்பாங்க. செவந்ததும்தான் உங்ககிட்ட வருவாங்க."

"ஏம்மா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாங்க சார். 'பாஸ்னு எழுதறப்ப அந்த மனுசன் மூஞ்சியப் பாத்திருக்கியாடி?'ன்னாங்க."

நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது, முன்பே வந்திருந்தால் அதைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் கடைசியில் சொன்னாரே, உனக்குக் கேட்டதா? மூச்சுத் திணறிக்கொண்டே நீ என்னைத்தான் பார்த்தாய். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புரட்டினேன். பதினைந்தாம் பௌர்ணமியிலிருந்து நீ வழக்கம்போல் விடியல் குளிரில் நடக்கவே இல்லை. எல்லாம் பட்டப்பகல். தார் கொதிக்கும் செங்கம் ரோட்டில், வெறுங்காலோடு. என் கையெழுத்துதான். எழுதியிருக்கிறேன், படிக்கவில்லை. சூடான டம்ளரைத் தந்த கையைப் பார்த்து, குளிரில் விரல் நீலமாகிறதா என்று சோதித்திருக்கிறேன். முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன்.

நகலைத் தபாலில் அனுப்பப்போவதில்லை. திங்கட்கிழமை நானே போகிறேன். டாக்டர் முன்னால் எனக்குக் குரல் நடுங்கும், உனக்குத் தெரியும். நடுங்கினாலும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன்: வீட்டில் யார் முகம் வாடினாலும் வாடட்டும், ஃபெயில் என்றால் ஃபெயில் என்றே சொல்லம்மா.

முதலாவதாக எழுதியது தப்பு, கமலா. சிகிச்சை தாங்கியது பதினான்கு. மீதிப் பன்னிரண்டும் நீ தாங்கியது.

நகம் பார்த்த உன் வீட்டுக்காரன்